டிஸ்க்கில் எவ்வளவு கொள்ளும்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பென் டிரைவ் வந்த பிறகும் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து ஸ்டுடியோக்களிலும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் சி.டி., டி.வி.டி., புளூரே டிஸ்க் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்குக் கல்யாண வீடியோவை பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கேமரா பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். கோயிலில் கும்பாபிஷேகப் பதிவை ஒரு பிரதி பத்திரப்படுத்த வேண்டும். டிஸ்க் வீணாகும்போது அதை எழுதும் டிரைவைத்தான் முதலில் குறை சொல்கிறோம். ஆனால் டிரைவ் சுழல ஆரம்பிக்கும் முன்பே கணக்கு தப்பியிருப்பது மிகச் சாதாரணம். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் கீழே உள்ள எண்களிலிருந்து தொடங்குங்கள்.

டிஸ்க்குக்கு ஜி.பி. தெரியாது, செக்டார்தான் தெரியும். செக்டார் என்பது டிஸ்க்கில் எழுதும் சின்னக் கட்டம். டேட்டா டிஸ்க்கில் ஒரு செக்டார் என்பது 2048 பைட். வெற்று டிஸ்க்குகளின் உண்மையான கொள்ளளவு இது (மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்பவை உறையில் -R, +R என்று இருக்கும் இரண்டு டி.வி.டி. வகைகள்; லேயர் என்பது எழுதும் அடுக்கு):

80 நிமிட சி.டி.: சுமார் 3,60,000 செக்டார், 73,72,80,000 பைட். டிஸ்க்குக்கு டிஸ்க் நூற்றுச் சொச்சம் செக்டார் கூடும், குறையும்.
74 நிமிட சி.டி.: 3,33,000 செக்டார், 68,19,84,000 பைட்.
டி.வி.டி. மைனஸ் ஆர்: 22,98,496 செக்டார், 470,73,19,808 பைட்.
டி.வி.டி. பிளஸ் ஆர்: 22,95,104 செக்டார், 470,03,72,992 பைட்.
டி.வி.டி. பிளஸ் ஆர் இரட்டை லேயர்: 41,73,824 செக்டார், 854,79,91,552 பைட்.
டி.வி.டி. மைனஸ் ஆர் இரட்டை லேயர்: 41,71,712 செக்டார், 854,36,66,176 பைட்.
புளூரே ஒற்றை லேயர்: 1,22,19,392 செக்டார், 2502,53,14,816 பைட்.

இந்தப் பட்டியலை அச்செடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்லது. டிஸ்க் உறையில் இருக்கும் 4.7, 700, 8.5 எல்லாம் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதற்குப் போதும், கணக்குப் போடுவதற்குப் போதாது.

ஃபோல்டர் 4.5 ஜி.பி.தான், டிஸ்க் 4.7 ஜி.பி., ஆனாலும் கொள்ளவில்லை என்கிறது

மிக அதிகமாக வரும் புகார் இது. மென்பொருளிலும் பழுதில்லை, டிஸ்க்கிலும் பழுதில்லை. உறையில் அச்சிட்ட 4.7 ஜி.பி. என்பது 470 கோடி பைட். அங்கே ஒரு ஜி.பி. என்றால் சரியாக 100 கோடி. விண்டோஸ் ஜி.பி. என்று எழுதுவதோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட்டை. ஒரே நெல்லைச் சின்னப் படியால் அளந்தால் ஒரு எண், பெரிய படியால் அளந்தால் இன்னொரு எண் வருகிற மாதிரிதான். 470 கோடியை 107.37 கோடியால் வகுத்தால் 4.37 வருகிறது. ஆகவே விண்டோஸ் காட்டும் 4.5 ஜி.பி. ஃபோல்டர் உண்மையில் 483 கோடி பைட். 470 கோடி பிடிக்கும் இடத்தில் அது எப்படியும் நுழையாது.

சரிபார்க்கும் முறை: ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறங்கள். சைஸ் என்ற வரியில் ஜி.பி. எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பைட் எண்ணிக்கை முழுதாக இருக்கும். அந்த எண்ணை மட்டும் பாருங்கள். பட்டியலில் உள்ள பைட் எண்ணைவிடக் குறைவா, கூடவா என்பதுதான் கேள்வி. விண்டோஸ் கணக்கில் சொல்வதானால் மைனஸ் ஆர் 4.38, பிளஸ் ஆர் 4.37, இரட்டை லேயர் பிளஸ் ஆர் 7.96, புளூரே 23.3.

மேக் கணினியில் 2009-இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து ஜி.பி. என்றால் 100 கோடிதான். அதனால் எடிட்டர் மேக்கில் 4.6 என்று சொல்லி அனுப்பிய ஃபோல்டர் விண்டோஸில் 4.28 என்று தெரியும். ஃபைல் எதுவும் விட்டுப்போகவில்லை. இரண்டு இடத்திலும் பைட் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும்.

பர்ன் செய்யும், அதாவது டிஸ்க்கில் எழுதும், மென்பொருள் எந்தக் கணக்கில் பேசுகிறது என்று சந்தேகம் வந்தால் ஒரு வெற்று டி.வி.டி.யைப் போட்டு காலி இடம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 4.7 என்றால் ஆயிரத்தின் கணக்கு. 4.38 அல்லது 4489 எம்.பி. என்றால் 1024-இன் கணக்கு. இம்க்பர்ன் போன்ற மென்பொருள்கள் செக்டார் எண்ணையே காட்டும். அதை நம்பலாம்.

சைஸ் 4.1, சைஸ் ஆன் டிஸ்க் 4.6: எதை எடுப்பது?

சைஸ் வரியை எடுங்கள். இரண்டாவது வரி அந்த ஃபைல்கள் இப்போது இருக்கும் ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிடித்திருக்கும் இடம். எழுதப் போகும் டிஸ்க்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த 64 ஜி.பி. பென் டிரைவில் வழக்கமாக ஒவ்வொரு ஃபைலும் 128 கே.பி. கட்டங்களில் உட்காரும். 10 கே.பி. ஃபைலும் ஒரு கட்டம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். டி.வி.டி.யில் கட்டம் 2 கே.பி.தான்.

ஆனால் சின்ன ஃபைல்கள் ஏராளமாக இருந்தால் சைஸ் வரியும் கொஞ்சம் ஏமாற்றும். ஒவ்வொரு ஃபைலின் கடைசிச் செக்டாரிலும் சராசரியாக 1024 பைட் வீணாகும். யு.டி.எஃப். என்ற ஃபைல் முறையை (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் ஒழுங்கு) சேர்த்து எழுதினால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தன் விவரம் எழுத ஒரு செக்டார் தனியாக வேண்டும். பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம் என்று ஸ்கேன் செய்த 40,000 ஃபைல்கள் இருந்தால் முதல் வகையில் 4 கோடி பைட், இரண்டாவது வகையில் 8 கோடி பைட், பெயர்ப் பட்டியலுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் போய்விடும். நிவர்த்தி எளிது: ஊர்வாரியாக ஜிப் கட்டி எழுதுங்கள். அளவைச் சுருக்கும் நோக்கம் தேவையில்லை, எண்ணிக்கை குறைந்தாலே போதும். ஆனால் ஒரே ஜிப்பாகக் கட்டாதீர்கள். ஒரு செக்டார் படிக்காமல் போனால் 40,000 ஃபைலும் சேர்ந்து போய்விடலாம்.

நேற்று கொண்ட அதே இமேஜ் இன்று புது டிஸ்க்கில் கொள்ளவில்லை

உறையைத் திருப்பிப் பாருங்கள். இமேஜ் என்பது ஒரு டிஸ்க்கில் போக வேண்டிய எல்லாவற்றையும் அடக்கிய ஒரே ஃபைல். நேற்று மைனஸ் ஆர், இன்று பிளஸ் ஆர் என்று இருக்கும். பிளஸ் ஆர் 69,46,816 பைட் சிறியது. மைனஸ் ஆர் டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பிய இமேஜ் பிளஸ் ஆரில் சில மெகாபைட் அளவில் தட்டும். இரண்டையும் மாற்றி மாற்றி வாங்குபவர்கள் எப்போதும் சின்ன எண்ணையே எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். விளிம்பு வரை நிரப்பும் பழக்கத்தையே விட்டுவிட்டால் இந்தத் தொல்லை வராது. அதன் காரணம் கடைசிக்குச் சற்று முன்னால் வருகிறது.

இடம் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு பெரிய ஃபைலை மட்டும் ஏற்க மறுக்கிறது

4.2 ஜி.பி. வீடியோ ஒன்று. கணக்குப்படி டிஸ்க்கில் கொள்ளும். மென்பொருள் மறுக்கிறது, அல்லது எழுதிய பிறகு ஃபைல் அரைகுறையாகத் தெரிகிறது. இங்கே இடம் பிரச்சினையே இல்லை, ஃபைல் முறைதான் பிரச்சினை. பழைய ஐ.எஸ்.ஓ. 9660 முறையில் ஒரு துண்டாக எழுதும் ஃபைல் 429,49,67,295 பைட்டைத் தாண்டக் கூடாது. அது விண்டோஸ் கணக்கில் 4 ஜி.பி.க்கு ஒரு பைட் குறைவு. சில பழைய மென்பொருள்கள் 2 ஜி.பி.யிலேயே நின்றுவிடும். எழுதும் முறையை யு.டி.எஃப். என்று மாற்றினால் ஃபைல் போய் உட்காரும். வீட்டு டி.வி.டி. பிளேயரில் போடும் வீடியோ டிஸ்க்கில் இந்தச் சிக்கல் எழாது. அங்கே படமும் ஒலியும் இருக்கும் ஒவ்வொரு வி.ஓ.பி. ஃபைலையும் 1 ஜி.பி.க்குள் வெட்டித்தான் மென்பொருள் வைக்கும்.

கேமரா பதிவைக் கோர்ட்டுக்காக எழுதுபவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அரிசி ஆலையிலோ கடைத்தெருவிலோ இருக்கும் கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 180 கோடி பைட். 2 மெகாபிட் என்றால் 90 கோடி. ஒரு டி.வி.டி.யில் முதலாவது இரண்டரை மணி நேரமும் இரண்டாவது ஐந்து மணி நேரமும் கொள்ளும். கொள்ளவில்லை என்பதற்காகப் பதிவைச் சுருக்கவோ வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஃபைலின் ஹேஷ் மதிப்பை, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை, குறிக்க வேண்டும். ஃபைலில் ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். மூல ஃபைல்களை அப்படியே இரண்டு, மூன்று டிஸ்க்கில் பிரித்து எழுதி ஒவ்வொன்றுக்கும் எண்ணிடுவதுதான் சரி. எழுதி முடித்ததும் டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கும் ஹேஷ் எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

800 எம்.பி. பாட்டு சி.டி.யில் ஏறுகிறது, 100 எம்.பி. பாட்டு ஏறவில்லை

கேட்பதற்கு விபரீதமாக இருந்தாலும் சரியான நடத்தை இது. ஆடியோ சி.டி.க்கு எம்.பி. கணக்கே கிடையாது, நிமிடக் கணக்குதான். நொடிக்கு 75 செக்டார், 80 நிமிடத்துக்கு 3,60,000 செக்டார். பாட்டு எழுதும்போது ஒரு செக்டாரில் 2352 பைட் போகும். டேட்டாவுக்குப் பிழைதிருத்தம் முதலியவற்றுக்காக ஒதுக்கும் இடமும் இங்கே ஒலிக்கே கிடைக்கிறது. அதனால் 80 நிமிட சி.டி.யில் வேவ் ஃபைலாக 84,67,20,000 பைட் வரை ஏறும். டேட்டாவாக எழுதினால் அதே டிஸ்க் 73.7 கோடியில் நின்றுவிடும்.

மறுபுறம், நொடிக்கு 128 கிலோபிட் எம்.பி.3 ஃபைல் 100 எம்.பி. இருந்தால் அது ஏறக்குறைய 104 நிமிடம் ஓடும். ஆடியோ சி.டி.யாக எழுதும்போது அது விரிந்துவிடும், 80 நிமிடத்தில் கொள்ளாது. அதே ஃபைல்களை டேட்டா சி.டி.யாக எழுதினால் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். அப்போது எம்.பி.3 படிக்கும் பிளேயர் வேண்டும். கோயில் மைக் செட்டில் இருக்கும் பழைய பிளேயர் ஆடியோ சி.டி.யை மட்டும் படிக்குமானால் வேறு வழியில்லை, நிமிடத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

கச்சேரிப் பதிவை எழுதும்போது பைட் பார்க்கவே வேண்டாம். திருவையாற்றிலோ திருவாரூரிலோ பதிந்த கச்சேரி பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். சி.டி. 44.1 கிலோஹெர்ட்ஸ். மாற்றும்போது ஃபைல் அளவு மாறும், நேரம் மாறாது. ஓடும் நேரங்களைக் கூட்டி, பாட்டுக்கு இரண்டு நொடி இடைவெளி சேர்த்து, 79 நிமிடத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

நாதஸ்வரப் பதிவில் ராக ஆலாபனையையும் கீர்த்தனையையும் தனித்தனி டிராக்காக வெட்டும்போது இடைவெளியைப் பூஜ்யமாக்க வேண்டும். இல்லையென்றால் தவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு நொடி மௌனம் விழும். பூஜ்யமாக்கியும் வெட்டிய இடத்தில் டிக் என்று கேட்டால் டிராக்கின் நீளம் செக்டார் கணக்கில் முடியவில்லை என்று பொருள். ஒரு செக்டாருக்கு 588 சாம்பிள். டிராக் அதன் மடங்கில் முடியாவிட்டால் மென்பொருள் மீதியை மௌனத்தால் நிரப்பும், அதுதான் டிக். எடிட்டிங் மென்பொருளில் வெட்டும் புள்ளிகளை சி.டி. ஃபிரேமில் (இந்த 588 சாம்பிள் செக்டாரின் இன்னொரு பெயர்) ஒட்டும்படி அமைத்துவிட்டால் இந்தச் சத்தம் போய்விடும்.

82 நிமிடக் கச்சேரியை ஓவர்பர்ன் செய்து, அதாவது டிஸ்க்கின் அளவைத் தாண்டி எழுதி, ஏற்றிவிடலாமா என்று கேட்பார்கள். பல டிரைவ்கள் ஒரு நிமிடம் அளவுக்குக் கூடுதலாக எழுதும். ஆனால் அது டிஸ்க் தயாரித்தவர் உத்தரவாதம் தராத பகுதி. 90, 99 நிமிட சி.டி.களும் தரநிலைக்கு வெளியே தயாரானவைதான். மங்களத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பதைவிடக் கச்சேரியை இரண்டு சி.டி. ஆக்குவது மேல். டி.வி.டி.யில் ஓவர்பர்ன் என்ற எண்ணமே வேண்டாம்.

ஃபைல்கள் 550 எம்.பி.தான், சி.டி. நிரம்பிவிட்டது

கொஞ்சம் கொஞ்சமாக எழுதியிருப்பீர்கள். ஒவ்வொரு முறை எழுதி மூடுவதும் ஒரு செஷன். சி.டி.யில் முதல் செஷனை மூடும்போது 11,400 செக்டார் செலவாகிறது. அது 2.33 கோடி பைட். அதற்குப் பின் மூடும் ஒவ்வொரு செஷனுக்கும் 6,900 செக்டார், 1.41 கோடி பைட். கடைக் கணக்கைத் தினமும் ஒரு செஷனாகப் பத்து நாள் எழுதினால் 15 கோடி பைட், அதாவது சி.டி.யில் ஐந்தில் ஒரு பங்கு, ஃபைல் எதுவும் இல்லாமலே போய்விடும். டி.வி.டி. மைனஸ் ஆரில் ஒவ்வொரு செஷனும் பத்து பத்து எம்.பி.யாக விழுங்கும். பிளஸ் ஆரில் சில எம்.பி.தான். அடிக்கடி சேர்த்து எழுதுபவர்கள் பிளஸ் ஆர் வாங்குங்கள், அல்லது ஒரு மாதத்தை ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் எழுதுங்கள்.

இதன் இன்னொரு வடிவம்: விண்டோஸில் டிஸ்க் போட்டதும் பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா என்று கேட்கும். ஆம் என்று விட்டால் டிஸ்க் வேறு முறையில் ஃபார்மேட் ஆகிவிடும். அதில் ஃபைலை அழிக்கலாம், அழித்த மாதிரியே தெரியும். ஆனால் ஒருமுறை எழுதும் டிஸ்க்கில் இடம் திரும்ப வராது. ஃபைலைத் திருத்திச் சேமித்தால் பழையதும் புதியதும் இரண்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மீண்டும் எழுதக்கூடிய சி.டி.யை இப்படி ஃபார்மேட் செய்தால் 32 செக்டார் டேட்டாவுக்கு 7 செக்டார் இணைப்புக்கே போகிறது. அதனால் 700 எம்.பி. டிஸ்க் ஃபார்மேட் ஆனதும் 570 எம்.பி. சொச்சம்தான் காட்டும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் டிஸ்க்குக்கு இந்த முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டாவது வாய்ப்பாக இருக்கும் மாஸ்டர்டு முறைதான் வேண்டும்.

டிஸ்க் காலி, ஆனாலும் இடம் போதவில்லை என்கிறது

செய்தியை முழுதாகப் படியுங்கள். பல நேரம் அது டிஸ்க்கைச் சொல்வதில்லை, சி டிரைவைச் சொல்கிறது. விண்டோஸ் தானே எழுதும்போது முதலில் எல்லா ஃபைலையும் சி டிரைவில் ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு நகல் எடுக்கிறது. வீடியோ எடிட்டிங் கணினியில் சி டிரைவ் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஒரு டி.வி.டி. எழுத சி டிரைவில் குறைந்தது 5 ஜி.பி., இரட்டை லேயருக்கு 9 ஜி.பி. காலி வையுங்கள். வீடியோவை இமேஜாக்கி எழுதினால் இதைப்போல் இரண்டு மடங்கு தேவைப்படும். தற்காலிக ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றும் வசதி மென்பொருளில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

புது டிஸ்க்கிலேயே காலி இடம் 0 பைட் என்று வந்தால் டிரைவுக்கு அந்த வகை டிஸ்க் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை லேயர் மட்டும் எழுதும் பழைய டிரைவில் இரட்டை லேயர் டிஸ்க் போட்டால் இப்படி ஆகும்.

கல்யாண வீடியோ கொள்ளவில்லை, அல்லது கொண்டாலும் கட்டம் கட்டமாக உடைகிறது

மேலே சொன்னவையெல்லாம் ஃபைல் அளவு நம் கையில் இல்லாத சந்தர்ப்பங்கள். வீடியோ டி.வி.டி.யில் அளவைத் தீர்மானிப்பது நீங்கள்தான், பிட் ரேட் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடும் பிட் அளவு) வழியாக. பல எடிட்டர்கள் ஒரே பிட் ரேட்டை எல்லா வேலைக்கும் வைத்துவிட்டு, ரெண்டர் முடிந்து மணிக்கணக்கில் காத்திருந்த பிறகு கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். முன்கூட்டியே போட வேண்டியது ஒரே ஒரு வகுத்தல்.

ஒற்றை லேயர் டி.வி.டி.யில் 450 கோடி பைட் மட்டும் பயன்படுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 36,000 மெகாபிட். வீடியோவின் மொத்த நொடிகளால் 36,000-ஐ வகுங்கள். வருவது படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற எண்.

ஒன்றரை மணி நேரம் என்றால் 5,400 நொடி, 6.67 வரும். இரண்டு மணி நேரத்துக்குச் சரியாக 5. மூன்று மணி நேரத்துக்கு 3.33. ஒரு மணி நேரத்துக்கு 10 வரும், ஆனால் அதை அப்படியே வைக்கக் கூடாது. டி.வி.டி. வீடியோவின் மொத்த உச்சமே 10.08 மெகாபிட். பழைய பிளேயர்கள் அந்த வேகத்தில் திணறும், 8-இல் நிறுத்துங்கள்.

இப்போது ஓர் உண்மையான வேலை. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு எல்லாம் சேர்த்து 2 மணி 40 நிமிடம், 9,600 நொடி. 36,000-ஐ 9,600-ஆல் வகுத்தால் 3.75. சுருக்கிய டால்பி ஒலிக்கு 0.192 கழித்தால் 3.55 சொச்சம். படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டும் செலவுக்குக் கொஞ்சம் விட்டு, சராசரி 3.5 என்று எடுக்கலாம். மேடையில் அசையாமல் நின்று போட்டோ எடுக்கும் காட்சிக்கு இது தாராளம். அட்சதை தூவும் நொடி, ஹோமப் புகை, சீரியல் லைட் மினுக்கும் பந்தல், ஊஞ்சலில் ஆடும் மணமக்கள் ஆகிய இடங்களில் 720க்கு 576 படத்துக்கு 3.5 போதாது, கட்டம் தெரியும். மாறும் பிட் ரேட்டில் இருமுறை ஓட்டும் என்கோடிங் வைத்தால் அசையாத இடத்தில் மிச்சமாவது அட்சதைக்குப் போகும். உச்சத்தை 7 அல்லது 8 என்று வையுங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆனாலும் கல்யாணத்துக்கு அதைத் தவிர்க்கக் கூடாது.

அதற்கு முன் ஒலியைப் பாருங்கள். பல மென்பொருள்கள் தாமாகவே சுருக்காத பி.சி.எம். ஒலியை வைத்துவிடும். அது நொடிக்கு 1.536 மெகாபிட். டால்பி 0.192 மெகாபிட்டுக்கு மாற்றினால் 2 மணி நேர வீடியோவில் 121 கோடி பைட் மிச்சமாகும். டிஸ்க்கில் கால் பங்கு! கொள்ளவில்லை என்று படத்தின் தரத்தைக் குறைத்தவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்திருக்கும். கெட்டிமேளத்துக்கு 0.192 தட்டையாகக் கேட்கிறது என்றால் 0.256 வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குக் கூடுதல் செலவு 6 கோடி பைட்டுக்குள்தான்.

மெனுவில் ஓடும் வீடியோவும் இதே இடத்திலிருந்துதான் போகிறது. அரை நிமிடம் ஓடும் மெனு மூன்று இருந்தால் ஒன்றரை நிமிட வீடியோவாகக் கணக்கில் சேருங்கள்.

மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் ஒற்றை லேயரில் திணிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 352க்கு 576 என்று படத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டம் தெரியாது, ஆனால் பட்டுப்புடவையின் ஜரிகை மங்கிவிடும். மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் ஒரு டிஸ்க், முகூர்த்தம் தனி டிஸ்க் என்று பிரிப்பது பார்ப்பவர்களுக்கும் வசதி. முகூர்த்தத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

சரியாக எழுதியது, பிளேயரில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் நின்று நின்று ஓடுகிறது

450 கோடி பைட்டில் நிறுத்தச் சொன்ன காரணம் இங்கே இருக்கிறது. டி.வி.டி.யில் எழுத்து நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகிறது. மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 58 மில்லிமீட்டரில் முடிகிறது. வெளிவட்டம் பெரிது என்பதால் கடைசி ஒரு மில்லிமீட்டர் அகலத்திலேயே ஏறக்குறைய 4 சதவீதம், 19 கோடி பைட்டுக்கு மேல் இருக்கிறது. 20 கோடி பைட்டைக் காலியாக விட்டால் அந்த ஒரு மில்லிமீட்டர் வளையத்தை எழுதாமல் விட்டதாகும்.

டிஸ்க்கின் பலவீனமெல்லாம் அந்த வளையத்தில்தான் கூடுகிறது. விரல் படுவது அங்கே. டிஸ்க் லேசாக வளைந்திருந்தாலும் ஆட்டம் அதிகம் தெரிவது அங்கே. 16 எக்ஸ் வேகத்தில் எழுதும் டிரைவ் அந்த உச்ச வேகத்தைத் தொடுவதும் அங்கேதான். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொன்றும் சேரும். மணமக்கள் படம் அச்சிட்டு ஒட்டும் காகித லேபிள் ஈரத்தை உறிஞ்சி, பிறகு காய்ந்து, டிஸ்க்கை இழுத்து வளைக்கும். விளிம்பில் எழுதியது முதலில் தொலையும். லேபிள் ஒட்டாதீர்கள், மேற்பரப்பில் நேரடியாக அச்சிடும் வெள்ளை டிஸ்க் வாங்குங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி பறக்கும் தெருவில் ஸ்டுடியோ இருந்தால் டிஸ்க் கட்டை மூடியே வையுங்கள். எழுதும் முன் ஒட்டியிருக்கும் தூசி அந்த இடத்தில் எழுத்தையே தடுத்துவிடும், பிறகு துடைத்துப் பயனில்லை.

கண்டறியும் வரிசை: முதலில் டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைத்து மறுபடி போடுங்கள். நிற்கும் இடம் மாறவில்லை என்றால் கணினியில் போட்டு எல்லா ஃபைலையும் ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் திணறினால் எழுத்து மோசம்: 8 எக்ஸ் வேகத்தில், எழுதியபின் சரிபார்க்கும் வசதியை இயக்கி, மறுபடி எழுதுங்கள். கணினியில் தடையில்லாமல் நகல் ஆகிப் பிளேயரில் மட்டும் நின்றால் பிட் ரேட் உச்சத்தையும் விளிம்பில் விட்ட இடத்தையும் பாருங்கள். எழுதும்போது கரண்ட் போனால் அந்த டிஸ்க் போனதுதான், யு.பி.எஸ். இல்லாமல் எழுத உட்கார வேண்டாம்.

இரட்டை லேயரில் இதே கோளாறு படத்தின் நடுவில் வரும். முதல் லேயர் நடுவிலிருந்து விளிம்புக்குப் போய், இரண்டாவது லேயர் விளிம்பிலிருந்து திரும்பி வருகிறது. ஆகவே பாதிப் படத்தில் தடுமாறினால் அதுவும் விளிம்புக் கோளாறாக இருக்கலாம். மொத்தம் 820 கோடி பைட்டில் நிறுத்தி, லேயர் மாறும் இடத்தைப் பாதியில் வையுங்கள். முதல் லேயரைவிட இரண்டாவது பெரிதாக இருக்கக் கூடாது என்பது விதி. பிட் ரேட் வகுத்தலில் 36,000-க்குப் பதில் 65,000 போட்டுக்கொள்ளலாம்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் சில காணவில்லை

எண்ணிக்கை குறைகிறது, இடம் இருந்தும் சில ஃபைல் சேரவில்லை என்றால் பெயரின் நீளத்தைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 9660-க்கு நீளப் பெயர் சேர்க்கும் ஜோலியட் முறையில் பெயர் 64 குறிகளுக்குள் இருக்க வேண்டும். கும்பகோணம் என்பது நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 10 குறி. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறி. ஆகவே தமிழ்ப் பெயர் 38 எழுத்து வாக்கிலேயே எல்லையைத் தொட்டுவிடும். கோயில் பெயர், விழாப் பெயர், தேதி, கடைசியில் வரிசை எண் என்று நீளமாக வைத்த 50 படங்களும் முதல் 64 குறியில் ஒன்றாகவே இருந்தால், வெட்டும்போது ஒன்றை ஒன்று மோதும். வரிசை எண்ணைப் பெயரின் முதலில் வையுங்கள், மீதி விவரத்தை ஃபோல்டர் பெயருக்குத் தள்ளுங்கள். யு.டி.எஃப். முறையில் தமிழுக்கு 127 குறி வரை கிடைக்கும்.

புளூரே 23.3 காட்டவில்லை, 22.5 தான் காட்டுகிறது

சில மென்பொருள்கள் புளூரே டிஸ்க்கை எழுதும் முன் மாற்றுச் செக்டார்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கிவிடும். எழுதும்போது கெட்ட செக்டார் தென்பட்டால் அதற்குப் பதில் ஒதுக்கியதில் எழுதும். இப்படி ஒதுக்கிய பிறகு மீதி 2422,00,08,448 பைட். ஆவணங்களைச் சேமிக்க இந்த ஒதுக்கீடு நல்லது, வேகம்தான் குறையும். முழு அளவும் வேண்டுமென்றால் எழுத ஆரம்பிக்கும் முன் ஒதுக்கீட்டை நிறுத்திவிடுங்கள். ஒருமுறை ஒதுக்கி ஃபார்மேட் செய்த புளூரே ஆர் டிஸ்க்கில் அந்த இடத்தைத் திரும்பப் பெற முடியாது.